சின்ன ஃபைபர் படகுச் சந்தை எங்கே போகிறது? பழைய ஹல், புது எஞ்சின் இன்னும் கட்டுப்படியாகுமா?

#1 துடுப்பு

5 முதல் 6 மீட்டர் நீளம், திறந்த தளம், பின்னால் வெளியே மாட்டும் ஒற்றை எஞ்சின், அதாவது அவுட்போர்டு. இந்த அளவு ஃபைபர் மீன்பிடிப் படகை மட்டும் வைத்துப் பேசுவோம். புதிதாக வாங்கப் போனால் இந்த அளவில் மாடல்களே குறைந்துகொண்டு வருகின்றன. காட்சிக்கு நிற்பதில் பெரும்பாலானவை 7 மீட்டருக்கு மேல். பழையதைத் தேடினால் 25 வருடம் ஓடிய ஹல்லுக்கும் (எஞ்சின் நீங்கலான படகுக் கூட்டுக்கும்) போட்டி இருக்கிறது.

மூன்று கேள்விகள். சின்ன அளவு ஏன் சுருங்குகிறது? பழைய ஹல்லை வாங்கிப் புது எஞ்சின் மாட்டும் வழக்கம் இன்னும் கட்டுப்படியாகுமா? வாங்குவதற்கு முன் எதைப் பார்க்காமல் விட்டால் பணம் தண்ணீரில் போகும்?

#2 கணக்குநோட்டு

முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த அளவுக்குத் தேவை குறையவில்லை. கட்டுபவருக்கு மிஞ்சுவதுதான் குறைந்துவிட்டது. 5 மீட்டர் படகுக்கும் 7 மீட்டர் படகுக்கும் இடையே ரெசினும் (இழையை இறுக்கும் பிசின்) கண்ணாடி இழையும்தான் பெரிதாக மாறும். மோல்டுக்கு (ஹல்லை வார்க்கும் அச்சுக்கு) மெழுகு பூசி மெருகேற்றுவது, ஸ்டீயரிங் கேபிள் இழுப்பது, வயரிங், பில்ஜ் (படகடியில் நீர் சேரும் பள்ளம்) பம்ப், எஞ்சினை ஏற்றி கன்ட்ரோல் பொருத்துவது, தண்ணீரில் இறக்கிச் சோதிப்பது எல்லாவற்றுக்கும் ஆகும் மணிநேரம் அவ்வளவாக மாறாது. விற்கும் விலை மட்டும் பெரிதாக மாறும். ஒரே கூரைக்குள் ஒரே ஆட்களை வைத்து வேலை செய்பவர் பெரிய மோல்டைத்தான் முதலில் நிரப்புவார்.

2020-இல் திடீரென்று படகுக்குக் கிராக்கி ஏறியது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வந்த பனிப்புயல் பெட்ரோகெமிக்கல் ஆலைகளை முடக்கியது. பாலியஸ்டர் ரெசினும், மிதவை ஃபோமுக்கான மூலப்பொருளும் தட்டுப்பாடாகின. கைக்கு வருகிற ரெசின் கொஞ்சம்தான் என்றால் அது எந்த மோல்டுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. 2022-இலிருந்து வட்டி ஏறியதும் கடனில் வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். முழுத் தொகையும் கையில் வைத்திருந்தவர்கள் பழைய படகுப் பக்கம் திரும்பினார்கள். நீங்கள் பார்க்கும் போட்டி அங்கிருந்து வருகிறது.

கீழ்ப்பக்கமும் அரிபட்டுவிட்டது. 4 மீட்டர் அளவில் அலுமினியமும், சுழல் அச்சில் வார்க்கும் பாலிஎத்திலீன் படகும், மிதிக்கிற கயாக்கும் வந்து உட்கார்ந்துகொண்டன. கரையில் இழுத்துப்போட்டாலும், கல்லில் இடித்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இன்னொன்றும் கவனியுங்கள். இன்று இந்த அளவில் எஞ்சினும் அதன் கன்ட்ரோல், கேபிள், மீட்டர்களும் சேர்ந்தால் பல நேரம் வெறும் ஹல்லின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் ஹல், எஞ்சின், டிரெய்லர் மூன்றையும் ஒரே கட்டாக விற்கிறார்கள். வெறும் ஹல் கேட்டால் பலர் தருவதே இல்லை.

#3 மூன்றிதழ்

எஞ்சின் பக்கத்தைச் சொல்கிறேன். சந்தை மாறியதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1996-இல் கொண்டுவந்த புகை விதிகள் 1998-இலிருந்து 2006-க்குள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் அங்கே புது விற்பனையிலிருந்து போனதே இதனால்தான். ஜான்சன், எவின்ரூட் அவுட்போர்டுகள் இரண்டையும் தயாரித்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. எவின்ரூட் பெயரை டைரக்ட் இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக்காகத் தொடர்ந்த பிஆர்பி நிறுவனம், 2020 மே மாதம் எவின்ரூட் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது பெரும்பாலான சந்தைகளில் புது அவுட்போர்டு என்றாலே ஃபோர் ஸ்ட்ரோக்தான்.

படகுக்கு இதனால் என்ன என்றால், எடை. 40 குதிரைத்திறன் பழைய டூ ஸ்ட்ரோக் 70-75 கிலோ. அதே 40 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தால் மாடலைப் பொறுத்து 95-110 கிலோ. 1990-களில் வரைந்த ஹல்லுக்கு இந்தக் கூடுதல் எடை கணக்கிலேயே இல்லை.

எடை கூடியதால் படகு மொத்தமாக எவ்வளவு அமிழும் என்று பார்த்தால் சொற்பம். 5.5 மீட்டர் படகின் நீர்க்கோட்டுப் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர் என்றால், 30 கிலோவுக்கு 4 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த 30 கிலோ நடுவில் உட்காரவில்லை, அமரத்தின், அதாவது பின்புறத்தின், கடைசி விளிம்பில் தொங்குகிறது. மிதப்பு மையத்திலிருந்து 2.5 மீட்டர் பின்னால் என்று வைத்தால் 75 கிலோ-மீட்டர் திருப்பம். அமரம் இறங்கும், முன்புறமான அணியம் ஏறும். தளத்து நீர் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்கு 20 மில்லிமீட்டர் மேலே இருந்தவை இப்போது நீருக்குள். ஆள் இல்லாமல் கட்டிப்போட்ட படகில் தளம் எப்போதும் ஈரமாக நிற்கும். அங்கே திருகு அடித்த ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தண்ணீர் கீழே இறங்கும்.

சரிக்கட்ட வழி உண்டு. அமரத்தில் இருக்கும் 25 கிலோ பேட்டரியை 3 மீட்டர் முன்னால், ஸ்டீயரிங் நிற்கும் கன்சோலுக்கு அடியில் கொண்டுபோனால் அதே 75 கிலோ-மீட்டர் திரும்பக் கிடைக்கிறது. கேபிள் நீளம் கூடுவதால் அதன் பருமனையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழும்.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். பழைய எஞ்சின் மாட்டிய நிலையில் படகை மிதக்கவிட்டு, புது எஞ்சினுக்கும் பழையதுக்கும் உள்ள எடை வித்தியாசத்துக்கு மணல் மூட்டையை டிரான்சத்தை (எஞ்சின் மாட்டும் பின்சுவரை) ஒட்டி வையுங்கள். மீன்பெட்டி, பெட்ரோல், ஆட்கள் என்று உங்கள் வழக்கமான சுமையையும் அதனதன் இடத்தில் வையுங்கள். அரைமணி நேரம் பாருங்கள். துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து நின்றால் அந்த ஹல் அந்த எஞ்சினுக்கு இல்லை. ஹல்லில் ஒட்டிய கொள்ளளவுத் தகட்டில் குதிரைத்திறனோடு எடை வரம்பும் இருக்கும். பலரும் முதல் எண்ணை மட்டுமே படிக்கிறார்கள்.

#4 பழையதேபொன்

எடை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பழைய ஹல்லையே வாங்கச் சொல்வேன். அந்தக் காலத்தில் தடிமனாக அடுக்கினார்கள். இப்போது வருவதில் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது. மீன்பிடிக்கப் போகிற படகு கரையில் இழுபடும், தூணில் உரசும், அலையில் அடிவாங்கும். அதற்குத் தடிமன்தான் வேண்டும்.

#5 அச்சுக்கூடம்

தடிமனைக் கண்ணால் பார்த்து வலுவை முடிவு செய்வதில்தான் ஏமாறுகிறோம், அண்ணே. கணக்காகவே பார்த்துவிடலாம்.

அடிப்பகுதிக்கு 450 கிராம் மேட் (வெட்டு இழை விரிப்பு) மூன்று அடுக்கு, 600 கிராம் ரோவிங் (நீள இழை நெசவு) இரண்டு அடுக்கு என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குக் கண்ணாடி இழை 2,550 கிராம். மேட்டுக்கு அதன் எடையில் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை. அப்படியானால் ரெசின் 3,375 கூட்டல் 1,200, மொத்தம் 4,575 கிராம். சதுர மீட்டருக்கு 7.1 கிலோ, தடிமன் நாலரை முதல் 5 மில்லிமீட்டர்.

அதே தடிமனை ரோவிங்கே போடாமல், வெட்டு இழையைத் துப்பாக்கியால் தெளித்தும் கொண்டுவரலாம். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தெளித்ததில் இழை துண்டு துண்டாக, திசையில்லாமல் கிடக்கும். ரெசின் விகிதம் தெளிப்பவர் கையைப் பொறுத்து மாறும். ரெசின் கூடினால் தடிமன் கூடும், எடை கூடும், ஆனால் அடிபட்டால் சட்டென்று வெடிக்கும். பழைய ஹல்களில் தடிமனானவை பல இந்த வகைதான். நேர்மாறாக, வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்ச வைத்து வார்த்த ஹல்லில் எடையில் 55-65 சதவீதம் கண்ணாடி இருக்கும். கையால் மேட் போட்டு உருட்டியதில் 30-35 தாண்டாது. மெல்லியதாக இருப்பதே குறை ஆகாது.

மெல்லிய தகட்டின் உண்மையான குறை விறைப்பு போதாதது. விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) மாறும். தடிமன் பாதியானால் வளைவது எட்டு மடங்கு. அதனால் புது ஹல்லில் ஸ்டிரிங்கர்கள் (அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்கள்) நெருக்கமாக இருக்க வேண்டும், அல்லது நடுவே பிவிசி ஃபோம் வைத்து இருபுறமும் தகடாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மெல்லியதாக மட்டும் இருந்தால் நீங்கள் சொன்னபடியே கட்டைவிரலுக்கு உள்வாங்கும், அலையில் அடித்து அடித்து ஸ்டிரிங்கர் ஓரத்தில் ஜெல்கோட் நட்சத்திரமாய் விரியும். செலவைக் குறைக்க மேட்டில் ஓர் அடுக்கை விட்டுவிட்டால் சதுர மீட்டருக்கு சுமார் 1.6 கிலோ மிச்சம். 16 சதுர மீட்டர் ஹல்லில் 25 கிலோ. அந்த மிச்சம் விளம்பரத்தில் "எடை குறைந்த படகு" என்று வரும். ஸ்டிரிங்கர் எத்தனை என்று கேளுங்கள்.

ரெசினும் மாறியிருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் படகுப் பட்டறைகளுக்கு ஸ்டைரீன் (ரெசினை இளக்கும் திரவம்) ஆவிக் கட்டுப்பாடு வந்தது. பிறகு டிசிபிடி என்ற வேதிப்பொருள் கலந்த ரெசின்கள் பரவின. ஸ்டைரீன் குறைவு, சுருக்கமும் குறைவு, அதனால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வரும். ஆனால் கொஞ்சம் நொறுங்கும் தன்மை உண்டு. அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கான நேரமும் குறைவு. வெள்ளிக்கிழமை ஹல்லை அடுக்கிவிட்டு, திங்கள்கிழமை தேய்க்காமல் ஸ்டிரிங்கரை மேலே ஒட்டினால் அந்த ஒட்டு பிறகு தோலாக உரியும். புதுப் படகில் தளத்தடியில் ஸ்டிரிங்கர் ஹல்லைவிட்டுக் கழன்றிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கில் நீரை நன்றாகத் தடுக்கும் வினைல் எஸ்டர் ரெசின் போடும் வழக்கம் பரவியபின் நீர்க்கொப்புளம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கப்போகும் படகென்றால் பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

#6 துடுப்பு

நல்ல கணக்கு. இப்போது டிரான்சத்துக்கு வருவோம். எஞ்சினைக் கழற்றாமலே உள்ளே மரம் மக்கியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் துளை போட விடவில்லை என்றால்?

#7 பழையதேபொன்

வரிசையாக, காசில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள் தம்பி.

எஞ்சினை மேலே தூக்கி, தூக்குத் தாங்கியில் நிறுத்தாமல் அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பும் பக்கச்சுவரும் சேரும் மூலையைப் பார்க்க வேண்டும். கிளாம்ப் ஆடினால் அது எஞ்சின் விஷயம். டிரான்சமே மூச்சுவிடுவது போல வளைந்தாலோ, மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ உள்ளே மரம் போய்விட்டது.

அடுத்தது ஒலி. பிளாஸ்டிக் தலை சுத்தியலால் மேலிருந்து கீழாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று திரும்பத் தரும். பிரிந்த இடம், ஊறிய இடம் மொத்தென்று விழுங்கும். ஈரமானி வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் உலோகத் தகடோ, பெயின்ட்டில் செம்போ, உள்ளே பில்ஜில் தண்ணீரோ இருந்தால் தப்பாகக் காட்டும்.

எல்லாவற்றையும்விட வடிகால் துளையைப் பாருங்கள். டிரான்சத்தின் அடியில் அடைப்பான் போடும் இடத்தில் மெல்லிய பித்தளைக் குழாய் உண்டு. அதன் இரு முனையும் விரித்து மடக்கியிருக்கும். அந்த மடிப்பில்தான் முதலில் அரிக்கும். விரல்நகத்தால் கீறிப்பாருங்கள், பச்சைப் பொடி உதிர்ந்து விளிம்பு பல்போல் தெரிந்தால், அந்த இடைவெளி வழியாகப் பல வருடமாக மரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. சோனார் உணரியைத் திருகிய ஓட்டைகளும் அப்படியே. உணரியை மாற்றும்போது பழைய ஓட்டையை சிலிக்கோனால் அடைத்துவிட்டுப் போவார்கள். சிலிக்கோன் அங்கே பிடிக்காது.

துளைக்க அனுமதி கிடைத்தால் 6 மில்லிமீட்டர் பிட், உள்பக்கத்திலிருந்து, நீர்மட்டத்துக்குக் கீழே வரும் உயரத்தில், நடுவில் ஒன்று, இரு மூலைகளில் ஒவ்வொன்று. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், வெளித்தோலைத் துளைக்கக் கூடாது. வெளியே வரும் சீவலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் சுருள் சுருளாக, காய்ந்து வந்தால் நல்லது. நிறம் கருத்து, வாசனை இல்லாமல் ஈரமாக மட்டும் இருந்தால் ஊறத் தொடங்கியிருக்கிறது. காப்பித்தூள் சக்கை மாதிரி வந்து, விரல்களுக்கிடையே நசுக்கினால் தண்ணீர் கசிந்தால், அந்த டிரான்சத்துக்கு மதிப்பே போடாதீர்கள். சோதனை முடிந்ததும் கெட்டியாக்கிய எபாக்சியால் மூன்றையும் அடைக்க வேண்டும்.

விற்பவர் துளைக்க விடமாட்டேன் என்றால் பரவாயில்லை. அப்படியானால் டிரான்சம் போய்விட்டது என்ற கணக்கிலேயே விலை பேசுங்கள்.

#8 அச்சுக்கூடம்

டிரான்சம் போயிருந்தாலும் ஹல் போனதாக அர்த்தமில்லை. மாற்றும் வேலை சிக்கலானதல்ல, அவசரப்பட்டால்தான் கெடும். உள்பக்கமாகச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஹல்லைத் தாங்கிகளில் மட்டமாக உட்கார வையுங்கள். டிரான்சத்தை எடுத்துவிட்டால் பக்கச்சுவர்கள் விரியும், அப்படியே ஒட்டினால் படகு வாழ்நாள் முழுக்க கோணல்தான். இரு பக்கச்சுவருக்கும் குறுக்கே ஒரு சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். உள்தோலைச் சுற்றிலும் 60-75 மில்லிமீட்டர் விளிம்பு விட்டு வெட்டி எடுங்கள். மக்கிய மரம் தானாக வந்துவிடும். நல்ல மரம்தான் உளி கேட்கும். வெளித்தோலின் உள்முகத்தைப் பளபளப்பு முழுதும் போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். விளிம்பை 1-க்கு 12 சரிவாகத் தேய்க்க வேண்டும்: 5 மில்லிமீட்டர் தோலுக்கு 60 மில்லிமீட்டர்.

புது மரத்துக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டு. தோல்களோடு சேர்த்து மொத்தம் 45-50 மில்லிமீட்டர் வரும். எஞ்சின் கிளாம்ப் எவ்வளவு வாய் திறக்கும் என்று முன்பே அளந்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் பிளைவுட்டின் எல்லா முகத்துக்கும், முக்கியமாக வெட்டுவிளிம்புகளுக்கு, மெல்லிய ரெசின் பூசி உறைய விடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். காய்ந்த பிளைவுட் ஒட்டுப்பசையில் உள்ள ரெசினை உறிஞ்சிக்கொள்ளும், நடுவே வறண்ட இழை மட்டும் மிஞ்சும். வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு வருடத்தில் அந்த இடத்திலேயே பிரியும்.

முதல் பலகையில் கையகலத்துக்கு ஒன்றாக 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் அடைபட்ட காற்று வெளியேறும். கெட்டிப்பசையைப் பல்கரண்டியால் வரிவரியாகப் பரப்பி, பலகையை வைத்து, கிளாம்ப்பை மெதுவாக இறுக்குங்கள். ஓட்டைகளிலும் ஓரங்களிலும் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பசை முழுதும் வெளியேறிவிடும், மரமும் தோலும் வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கும்.

மூலைகளில் 20-25 மில்லிமீட்டர் ஆரத்துக்குப் பசையால் வளைவு கொடுத்து, மேலே 1708 பைஆக்சியல் (இரு திசை இழைத் துணி) மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட 50 மில்லிமீட்டர் வெளியே, ஹல்லின் பக்கத்துக்கும் அடிக்கும் ஏற வேண்டும். டிரான்சத்துக்கும் ஸ்டிரிங்கருக்கும் இடையே முட்டுக்கொடுக்கும் முக்கோணப் பலகைகளை மறக்காதீர்கள். எஞ்சினின் தள்ளுவிசை ஹல்லுக்குப் போவது அவற்றின் வழியாகத்தான்.

எபாக்சியா பாலியஸ்டரா என்று கேட்பீர்கள். பழைய தகட்டின் மேல் ஒட்டுவதற்கு எபாக்சி மேல். ஆனால் சாதாரண வெட்டு மேட்டை எபாக்சியோடு போடாதீர்கள். அதன் இழைகளைக் கட்டியிருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் விறைத்தபடியே நிற்கும், மூலையில் மடங்காது. எபாக்சி போட்ட இடத்துக்கு மேல் பிறகு பாலியஸ்டரும் ஜெல்கோட்டும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் என்றால் எம்இகேபி ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம். வெயில் நாளில் 1-க்கு அருகே. 1-க்குக் கீழே குறைத்து நேரம் வாங்கப் பார்த்தால் அது எத்தனை நாளானாலும் முழுதாக உறையாது. மெழுகு கலந்த ரெசின் கடைசிப் பூச்சுக்கு மட்டும். இடையில் போட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது. கோபால்ட்டையும் (உறைவதை முடுக்குவது) எம்இகேபியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே ஹார்டனர்.

எஞ்சின் போல்ட் 12 மில்லிமீட்டர் என்றால் 20-க்குத் துளைத்து, கெட்டி எபாக்சி நிரப்பி, உறைந்தபின் நடுவில் 12-க்குத் துளையுங்கள். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பாலியூரித்தேன் சீலண்ட் போட்டு, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து இறுக்குங்கள்.

#9 மூன்றிதழ்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். டிரான்சத்தைப் புதிதாகக் கட்டும்போதே உயரத்தைத் தீர்மானியுங்கள். அவுட்போர்டு தண்டு 15, 20, 25 அங்குலம் என்று வரும். பழைய ஹல் பல 15 அங்குலத்துக்கு வெட்டியவை. இன்றைய நடுத்தர எஞ்சின்கள் பெரும்பாலும் 20. காற்று புகாமல் தடுக்கும் தகடு ஹல்லின் அடிக்கோட்டுக்கு நேராகவோ 25 மில்லிமீட்டர் கீழேயோ நின்றால் போதும். 5 அங்குலம் ஆழமாகப் போனால் இழுவை கூடும், ஓரத்தில் தண்ணீர் தெறிக்கும், கரையேற்றும்போது எஞ்சினின் அடிப்பாகம் முதலில் தட்டும். ஏற்கெனவே உள்தோலைத் திறந்திருக்கிறீர்கள், 5 அங்குலம் உயர்த்தி அடுக்குவதற்கு அதிகச் செலவில்லை. பின்னாலிருந்து வரும் அலையும் உள்ளே ஏறாது.

பழைய ஹல்லில் உள்ளேயே கட்டிய ஃபைபர் பெட்ரோல் டேங்க் இருந்தால் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். எத்தனால் பழைய பாலியஸ்டரைக் கரைக்கும். அந்தப் பிசுக்கு எஞ்சினின் உள்வால்வுகளில் கறுப்புத் தாராகப் படியும். 2000-களின் நடுவில் எத்தனால் பரவியபோது பல படகுகளில் இதுதான் நடந்தது. டேங்க்கை எடுத்துவிட்டு பாலிஎத்திலீன் போடுங்கள்.

#10 கணக்குநோட்டு

அச்சுக்கூடம் சொன்ன வேலையைச் செய்பவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். சரிவு தேய்த்தது, பசை பிதுங்கியது, எந்த ரெசின், எந்தத் தேதி. இன்றைய செகண்ட் ஹேண்ட் சந்தையில் மூடிய டிரான்சத்தை யாரும் வார்த்தைக்காக நம்புவதில்லை. "மரமே இல்லாத படகு" என்று விற்கும் புது மாடல்களுக்கு மதிப்பு ஏறியதே இந்தப் பயத்தால்தான். மரம் இல்லை என்றால் மக்காது, உண்மை. ஆனால் ஃபோம் நடுப்பலகையிலும் அடைக்காத ஓட்டை வழியாகத் தண்ணீர் புகும், தோல் பிரியும். அதையும் தட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

விற்பவர் சொல்லும் வயதை ஹல் எண்ணோடு ஒப்பிடுங்கள். டிரான்சத்தின் வலப்பக்க மேல்மூலையில் பொறித்திருக்கும். 1984-க்குப் பிந்திய அமெரிக்க முறை 12 இடங்கள் கொண்டது: முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர், அடுத்த ஐந்து வரிசை எண், பிறகு மாதத்துக்கு ஓர் எழுத்து, வருடத்தின் கடைசி இலக்கம், கடைசி இரண்டு மாடல் வருடம். அந்த இடத்தில் ஜெல்கோட் நிறம் மாறியிருந்தாலோ தேய்த்த தடம் தெரிந்தாலோ அங்கேயே திரும்பிவிடுங்கள்.

சரிசெய்யவே முடியாத ஹல்லை மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். உறைந்த பாலியஸ்டரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. வெட்டிக் குப்பைக்கு அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான். பிரான்ஸ் 2019-இலிருந்து புதுப் படகு விற்பனையிலேயே அதற்குத் தொகை பிடித்துக்கொண்டு பழையவற்றைப் பிரித்தெடுக்கிறது. மற்ற பல இடங்களில் அந்தச் சுமை கடைசியாகக் கைவைத்தவருக்கு.

#11 துடுப்பு

தளத்துக்கு அடியில் ஊற்றிய மிதவை ஃபோம் ஊறிப்போயிருந்தால்? எடுத்துவிட்டு வெறுமையாக விடலாமா?

#12 அச்சுக்கூடம்

கூடாது. கண்ணாடி இழைத் தகடு தண்ணீரைவிடக் கனம். 300 கிலோ தகடு நீருக்குள் சுமார் 100 கிலோவாகக் கீழே இழுக்கும். அதற்கு மேல் எஞ்சின், பேட்டரி. நிரம்பிய படகைப் பிடித்துக்கொண்டு ஆள் காத்திருக்க முடிவது அந்த ஃபோமால்தான். கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும்.

முதலில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, டிரெய்லர், எஞ்சின், பெட்ரோல் எடையைக் கழித்து, தயாரிப்பாளர் சொன்ன ஹல் எடையோடு ஒப்பிட்டால் போதும். 300 லிட்டர் ஃபோமில் பாதி ஊறியிருந்தாலே 150 கிலோ. உலரவைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், ஊறிய ஃபோம் தளத்தடியில் உலராது. ஊறியது படகின் அடி நடுக்கோடான கீலை ஒட்டித்தான் இருக்கும், அங்கே தளத்தைத் திறந்து மண்வெட்டியால் தோண்டி எடுத்து, ஸ்டிரிங்கர்களின் அடியில் தண்ணீர் பில்ஜுக்கு ஓட வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வழியை 25 மில்லிமீட்டர் பிவிசி குழாயால் காப்பாற்றி வைத்து, எடுத்த அளவுக்குக் குறையாமல் புது ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரே நேரத்தில் நிறைய ஊற்றினால் விரிகிற வேகத்தில் தளமே மேலே எழும்பும். உள்ளே சூடும் ஏறிக் கருகும்.